முன்னால் போக யாருக்கும் மனசில்லாத பந்தயம்

குலசேகரத்து மாமா 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். முதல் டிரிப்புக்குப் போகிறவர் மாதிரி முகம் கழுவி, கட்டன் சாயா போட்டுக் குடித்துவிட்டு, எடுக்க வண்டி இல்லாமல் வாசல்படியில் உட்கார்ந்திருப்பார்.

2023 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பாளையங்கோட்டையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். என் காரில் சேர்ந்து போகலாம் என்று மாமா முந்தின நாள் ராத்திரியே நாகர்கோவிலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று விடியற்காலை நான் அடுக்களை மேசையில் லேப்டாப்பை வைத்து, வீட்டில் யாரும் எழுந்துவிடாதபடி சத்தத்தைக் குறைத்து, அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த ஃபார்முலா ஈ பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சனிக்கிழமை, நமக்கு ஞாயிறு விடியல்.

மாமா சாயா டம்ளரோடு பின்னால் வந்து நின்றார்.

"சத்தமே இல்லியே. படம் ஓடுதா, நின்னு போச்சா?"

"எலக்ட்ரிக் கார் பந்தயம் மாமா. சத்தம் இவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவர் கேட்ட கேள்வியை, நான் நாலைந்து வருடமாக இந்தப் பந்தயத்தைப் பார்த்துவந்தும் அவ்வளவு நேராகக் கேட்டுக்கொண்டதில்லை.

"டே மக்கா, முன்னால போறவன் எதுக்கு வழி விடுகான்?"

அவர் கண்ணில் பட்டது சரிதான். முதலில் போகிற கார் நேர்சாலையின் பாதியிலேயே மெதுவாகிறது. பின்னால் வந்த இரண்டு பேர் தாண்டுகிறார்கள். அடுத்த சுற்றில் அவர்களும் அதையே செய்கிறார்கள். பந்தயம் என்று பெயர். ஆனால் முதலிடத்தை ஆளுக்கு ஆள் தள்ளிவிடுகிறார்கள், பந்தியில் கடைசி வடையை "நீங்க எடுங்க, நீங்க எடுங்க" என்று தள்ளிவிடுவது மாதிரி.

காரணம் காற்று. அதோடு 40 யூனிட் கரண்ட்.

கிலோவாட் மணி என்று எழுதினால் நமக்கு மனதில் ஒட்டாது. மின்வாரியக் கணக்கில் ஒரு கிலோவாட் மணிதான் ஒரு யூனிட். அந்த சீசனில் ஃபார்முலா ஈ காரின் பேட்டரியிலிருந்து ஓட்டுநர் எடுத்துக்கொள்ளக் கிடைத்தது ஏறத்தாழ 40 யூனிட். தமிழ்நாட்டில் அப்போது வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிகூட இல்லாததை வைத்து ஒருவன் முக்கால் மணி நேரம் பந்தயம் ஓட வேண்டும். பெட்ரோலில் அடங்கியிருக்கும் சக்தியோடு ஒப்பிட்டால் நாலரை லிட்டருக்குச் சமம். நம் ஊர் பைக்கின் அரை டேங்க்.

மோட்டாரின் பசியோ வேறு அளவு. பந்தய நேரத்தில் 300 கிலோவாட், அதாவது சுமார் 400 குதிரைசக்தி. காலை எடுக்காமல் மிதித்தால் 40 யூனிட்டும் எட்டே நிமிடத்தில் காலி. முக்கால் மணி நேரம் எங்கே, எட்டு நிமிடம் எங்கே. அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் மூளை, கால், ரேடியோவில் பேசும் எஞ்சினியர் எல்லாம் வேண்டியிருக்கிறது. மற்ற கார்ப் பந்தயங்களில் எரிபொருளை மிச்சம் பிடிப்பது இடையிடையே வந்துபோகும் கவலை. இங்கே பந்தயமே அதுதான்.

இதை மாமாவிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது கேஎம்பிஎல் ஓட்டம்லா!"

அரசுப் பேருந்து ஓட்டியவர்களுக்கு அந்த நாலெழுத்து தெரியும். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. டிப்போவில் டிரைவர் வாரியாக எடுப்பார்கள். மாமாவின் நினைவில் எங்கள் பிறந்தநாள்கள் இல்லை, அவருடைய கேஎம்பிஎல் எண்கள் இருக்கின்றன. எந்த வருடம், எந்த வண்டி, எந்த ரூட், எவ்வளவு என்று தசமப் புள்ளியோடு சொல்வார். அதற்குப் பிறகு அவருக்கு நான் விளக்கம் சொல்வது குறைந்து, அவர் எனக்குச் சொல்வது கூடிவிட்டது.

"ஸ்டாப்பு கண்ணுல பட்டதும் கால எடுத்திரணும். வண்டி அதுவா உருண்டு போய் நிக்கணும். கிட்ட போயி பிரேக்க சவுட்டுகவன், டீசல வாங்கி ரோட்டுல ஊத்துகான்னு அர்த்தம்."

ஃபார்முலா ஈயில் அச்சு அசலாக இதைத்தான் செய்கிறார்கள். வளைவு வருவதற்கு நிறைய முன்பே காலை எடுத்துவிட்டு உருளவிடுவது. நேர்சாலையின் கடைசிப் பகுதியில்தான் வேகம் உச்சத்தில் இருக்கும். காற்றை உடைக்கும் செலவும் அங்கேதான் உச்சம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 200-இல் போகும்போது ஒரு கிலோமீட்டருக்குக் காற்றுக்காகக் கொடுக்கும் சக்தியைவிட 250-இல் கொடுப்பது ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தக் கடைசி நூறு மீட்டரில் காலை எடுப்பதால் ஒரு நொடியில் சிறு பங்குதான் போகும், மிச்சமாகும் கரண்டோ கணிசம். எங்கே காலை எடுக்க வேண்டும் என்பதைச் சுற்றுக்குச் சுற்று கணக்குப் போட்டு ஓட்டுநருக்குச் சொல்வார்கள். கார் தானாக அணிக்குத் தகவல் அனுப்ப இங்கே அனுமதி கிடையாது. பேட்டரி எண்ணை ஓட்டுநரே ரேடியோவில் சொல்ல வேண்டும். அடுத்த அணியும் காது கொடுத்துக் கேட்கும் என்பதால் குறிச்சொற்களில் சொல்வார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் மாமா முரண்டு பிடித்தார். பிரேக் பிடித்தால் பேட்டரி ஏறும் என்றேன்.

"சவத்த விடு. பிரேக்கு சவுட்டினா டேங்குல டீசல் ஏறுமா?"

ஏறும். சக்கரம் மோட்டாரைச் சுற்றும்போது மோட்டாரே ஜெனரேட்டர் ஆகிவிடுகிறது. அந்த வருடம் அறிமுகமான மூன்றாம் தலைமுறைக் காரில் முன்சக்கரங்களுக்கும் ஒரு மோட்டார் வைத்தார்கள். அது காரை இழுக்காது, பிரேக் பிடிக்கும்போது கரண்ட் சேர்க்க மட்டும். முன்னால் 250, பின்னால் 350, மொத்தம் 600 கிலோவாட் வரை திரும்ப எடுக்கலாம். பந்தயத்தில் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் இப்படி பிரேக்கிலிருந்து வருவதுதான் என்கிறார்கள். மாமா நம்பாத முகத்தோடு தலையாட்டினார். ஆனால் அவருடைய பழைய பாடமும் பொய்யில்லை. கொடுத்ததெல்லாம் முழுசாகத் திரும்பி வராது, போக வரக் கழிவு உண்டு. செலவழிக்காமல் விட்டதுதான் முழு மிச்சம்.

இப்போது வழிவிடும் கதைக்கு வருகிறேன். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வருகிறவனுக்குக் காற்றின் அடி குறைவு; அதே வேகத்துக்குக் குறைந்த கரண்ட் போதும். போர்ட்லாண்ட் நீளமான நேர்சாலை உள்ள களம், சுற்றுக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே முன்னால் நிற்பது எல்லோருக்குமாகக் காற்றை வாங்கிக்கொள்ளும் தண்டனை. அதனால் சைக்கிள் பந்தயக்காரர்கள் மாதிரி கூட்டமாக ஓடினார்கள். மொத்தம் 400 தடவைக்கு மேல் ஒருவரை ஒருவர் தாண்டினார்கள் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். நிக் காசிடி பத்தாவது இடத்தில் கிளம்பி, கூட்டத்துக்குள் பதுங்கி, கடைசியில் வென்றார். இது பந்தயமே இல்லை என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு வகை ஆடுபுலி ஆட்டம். வேகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு பந்தயங்கள் இருக்கின்றன.

சாயா ஆறும்வரை மாமாவுக்குப் பழைய கதைகளைச் சொன்னேன். 2014-இல் பெய்ஜிங்கில் தொடங்கியபோது ஒரு பேட்டரியில் முழுப் பந்தயத்தையும் ஓட முடியாது. ஓட்டுநருக்கு இரண்டு கார். பாதியில் பிட்டுக்குள், அதாவது களத்தோரம் அணிகள் வண்டியைக் கவனிக்கும் இடத்துக்குள் வந்து, இறங்கி, அடுத்த காரில் ஏறி ஓட வேண்டும். நாலு சீசன் அப்படித்தான் நடந்தது. "நடுவழியில பிரேக்டவுன் ஆனா ஆளுவள வேற வண்டியில ஏத்தி விடுவோம்லா, அது மாதிரி" என்றார். முதல் சீசனில் மஹிந்திரா அணிக்காக நம் சென்னைக்காரர் கருண் சந்தோக் இப்படி வண்டி மாறி ஓட்டியவர்தான்.

அதே மஹிந்திராவுக்கு 2019 பிப்ரவரியில் மெக்சிகோ நகரில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். பாஸ்கல் வெர்லைன் முதலிடத்தில் தொடங்கி, கடைசிச் சுற்றின் கடைசி வளைவு வரை முன்னால் இருந்தார். விரட்டி வந்த நிசான் கார்கள் இரண்டும் கணக்குத் தப்பி, கரண்ட் தீர்ந்து வழியில் படுத்துவிட்டன. இனி யார் இருக்கிறார்கள் என்று நினைத்தால், லூகாஸ் டி கிராஸி. முடிவுக்கோடு கண்ணுக்கெதிரே இருக்கும்போது வெர்லைனின் கார் மூச்சை விட்டது. சில மீட்டர் மிச்சம் இருக்கையில் டி கிராஸி பக்கவாட்டில் வந்து தாண்டிப் போனார். அரை நொடிகூட வித்தியாசம் இல்லை. போதாக்குறைக்கு, வழியில் ஒரு வளைவை வெட்டிப் போனதற்காக வெர்லைனுக்கு 5 நொடி தண்டனை கொடுத்து ஆறாவது இடத்துக்கு இறக்கினார்கள்.

அதற்கும் மேல் 2021-இல் ஸ்பெயினின் வலென்சியா. மழை, விபத்து, பலமுறை சேஃப்டி கார் (விபத்து நடந்தால் எல்லோரையும் மெதுவாக்க முன்னால் வந்து போகும் வண்டி). சேஃப்டி காருக்குப் பின்னால் மெதுவாகப் போவதால் மிச்சமாகும் கரண்டை அதிகாரிகள் கணக்கிட்டுக் குறைத்துவிடுவார்கள். அப்போதெல்லாம் பந்தயம் நேரக் கணக்கில் முடியும். முன்னால் போன அன்டோனியோ ஃபெலிக்ஸ் ட கோஸ்டா, நேரம் முடியச் சில நொடிகள் இருக்கையில் கோட்டைக் கடந்துவிட்டார். விதிப்படி எதிர்பார்த்ததைவிட இன்னும் ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். பெரும்பாலானவர்களிடம் அந்த ஒரு சுற்றுக்குக் கரண்ட் இல்லை. கார்கள் நடைவேகத்தில் ஊர்ந்தன. கணக்கை ஒழுங்காக வைத்திருந்த நிக் டி வ்ரீஸ் ட கோஸ்டாவைத் தாண்டிப் போய் வென்றார்.

"அம்மாடி" என்றார் மாமா. "செரி, நாம எப்ப எறங்கணும்?"

என்னுடையது சின்ன எலக்ட்ரிக் கார். 24 யூனிட் பேட்டரி. நாகர்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ராத்திரி சார்ஜில் போட்டு 100 சதவீதத்தில் எடுத்தேன். பின்சீட்டில் அம்மா பட்டுச்சேலையோடு, முன்சீட்டில் மாமா. வடசேரி தாண்டி, தோவாளையில் அம்மாவுக்குப் பிச்சிப்பூ வாங்கி, ஆரல்வாய்மொழி கணவாய்க்குள் நுழைந்தால் காத்தாடிகள். காற்றாலை என்று எழுதுகிறோம், எங்கள் ஊரில் அதற்குப் பெயர் காத்தாடிதான். முப்பந்தலில் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் நின்று கறங்கிக்கொண்டிருந்தன. ஆனி மாதம், தென்மேற்குக் காற்று மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த இடுக்கு வழியாகப் பிதுங்கிக்கொண்டு வரும் காலம்.

பாளையங்கோட்டையில் நிறுத்தும்போது 64 சதவீதம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 36-இல் வந்திருக்கிறோம், திரும்பவும் 36, வீட்டில் 28 இருக்கும், வழியில் சார்ஜ் எதற்கு என்று மாமாவிடம் அளந்தேன். மண்டபத்தில் இரண்டு பாயசம் சாப்பிட்டேன்.

பந்தயத்தில் ஒவ்வொரு காரும் என்ன சக்தியோடு இருக்கிறது என்று திரையின் ஓரத்தில் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அணிக்காரர்களைக் கேலி செய்த ஆள் நான். எனக்கு உறைக்காத ஒன்று, வரும்போது காற்று முதுகில் இருந்தது என்பது.

கல்யாண வீட்டிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பினோம். வள்ளியூர் வரும்போது 39. கொஞ்சம் கூடப் போயிருக்கிறதே என்று நினைத்தேன், ஏசியைப் பழித்தேன். பணகுடி தாண்டியதும் ஸ்டியரிங் கையில் அசைய ஆரம்பித்தது. எண் என் கண்ணெதிரே இறங்கியது. ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு சதவீதம் போவதை அன்றுதான் பார்த்தேன். காவல்கிணறு சந்திப்பில் 25. வீட்டுக்கு இன்னும் 20 கிலோமீட்டர், அந்த 20-இல்தான் கணவாய்.

கணக்கு இதுதான். கார் 60-இல் போகிறது, எதிர்க்காற்று 40 என்று வையுங்கள். காருக்கு அது 100-இல் போவது போல. வேகத்தின் வர்க்கம் அல்லவா, காற்றுக்கான செலவு இரண்டே முக்கால் மடங்கு. காலையில் அதே காற்று பின்னால் தள்ளும்போது காருக்கு 20-இல் போகிற சுகம். போன சுகத்தையும் வந்த செலவையும் கூட்டிக் கழித்தால் சமமாகாது, செலவுதான் ஜெயிக்கும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போன ஆரல்வாய்மொழிப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருக்கும்.

வழியில் ஒரு சார்ஜிங் நிலையம் செயலியில் பச்சையாகக் காட்டியது. போய்ப் பார்த்தால் இயந்திரத்தின் திரை இருண்டு கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர் கையை விரித்தார். யாருடையது என்று எழுதிப் பயனில்லை.

"ஏசிய அணைச்சிரு" என்றார் மாமா. அணைத்தேன். "அம்பதுக்கு மேல போவாத. பைய போ."

அம்மா பின்னாலிருந்து, "அண்ணே, சேல முழுக்க வேத்து ஒழுகுது, கண்ணாடிய எறக்கட்டா?" என்றாள்.

"எறக்கினா காத்து உள்ள பூந்து இழுக்கும். முப்பந்தல் தாண்டட்டு."

என் கால் அவருக்குப் பிடிக்கவில்லை. மிதிப்பதும் விடுவதுமாக இருக்கிறேனாம். முட்டைமேல் கால் வைத்த மாதிரி வைக்கச் சொன்னார். எண் இறங்கும் வேகம் நிஜமாகவே தணிந்தது. அப்போது எங்களைத் தாண்டி ஒரு வைக்கோல் லாரி போனது. தார்ப்பாயை மீறி இரண்டு பக்கமும் பிதுங்கும் பெரிய பாரம், அதுவும் 50-ஐ ஒட்டித்தான் நகர்ந்தது.

"அதுக்குப் பொறத்த போ. காலைல அவன் செஞ்சு காட்டுனான்லா, அந்த ஆளு, பத்தாவதா நின்னவன்."

காசிடியைச் சொல்கிறார். முதலில் எனக்குப் பயம்தான். பந்தயத்தில் ஒட்டி வருவது போல் நம் சாலையில் லாரிக்குப் பின்னால் ஒட்டினால் அவன் பிரேக் போடும்போது நம் கதை முடிந்தது. மாமாவே மிக நெருங்க விடவில்லை. "அவனுக்க பொறத்த டயரு ரண்டும் தரையோட தெரியணும், மறஞ்சா கிட்ட போயிட்டன்னு அர்த்தம்" என்று கண்ணை எடுக்காமல் அளந்துகொண்டே வந்தார். அந்த இடைவெளியில் பந்தயக்காரர்களுக்குக் கிடைக்கும் லாபத்தில் எத்தனை பங்கு கிடைத்திருக்கும் என்று தெரியாது. ஆனால் ஸ்டியரிங்கின் நடுக்கம் நின்றது, காற்றின் ஊளை ஒரு படி தணிந்தது. வைக்கோல் துரும்புகள் மட்டும் முன்கண்ணாடியில் வந்து வந்து ஒட்டின.

முப்பந்தலில் லாரி ஓரம் கட்டியது. அங்கே இசக்கியம்மன் கோயில், அந்த வழியில் போகிற வண்டிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுப் போகிற இடம். எனக்கோ நிறுத்த மனசில்லை, 19 சதவீதம். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. கீல் முறிகிற மாதிரி ஒரு சத்தம். மாமா வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடந்து போய்க் காசு போட்டுவிட்டு வந்தார். தலைக்கு மேலே காத்தாடியின் இறக்கை விஸ்ஸ், விஸ்ஸ் என்று இறங்கி ஏறியது.

"அவனுக்கு மீட்டர் கூடுது, உனக்கு கொறயுது. காத்து ஒண்ணுதான்" என்றார் ஏறி உட்கார்ந்ததும்.

லாரிக்காரர் டீக்கடைக்குள் போய்விட்டார். காற்றை நாங்களே வாங்கிக்கொண்டு கிளம்பினோம். ஆரல்வாய்மொழி தாண்டியதும் அது மெல்ல விட்டுக்கொடுத்தது. தோவாளையில் அம்மா யாரையும் கேட்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

இதை எழுதும்போது ஹைதராபாத் நினைவுக்கு வருகிறது. அதே வருடம் பிப்ரவரியில் உசேன் சாகர் ஏரிக்கரையில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தது. கடைசிச் சுற்றுகளில் ழான் எரிக் வெர்ன் முன்னால். பின்னால் முட்டிக்கொண்டு வந்த காசிடியிடம் கரண்ட் அதிகம். வெர்னிடம் குறைவு. கணக்குப்படி வெர்ன் தோற்க வேண்டும். குறுகலான தெருப்பாதை, தாண்ட இடம் இல்லை. வேண்டிய இடத்தில் மட்டும் சக்தியைச் செலவழித்து, வேண்டாத இடத்தில் காசிடியையும் தன்னோடு சேர்த்து மெதுவாக்கி, ஜெயித்துவிட்டார். முன்னால் நிற்பது போர்ட்லாண்டில் தண்டனை, ஹைதராபாத்தில் கோட்டை. களத்துக்குக் களம் கணக்கு மாறும். எனக்கு ஒரே சாலையில் காலைக்கும் மாலைக்கும் மாறியது.

வீட்டு வாசலில் 13 சதவீதம். சார்ஜர் வயரைச் செருகிவிட்டு உள்ளே வந்தால், மாமா கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் போட்டுப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். மொத்த பேட்டரி எவ்வளவு என்று கேட்டார். 24 என்றேன். நூற்றுக்கு அறுபத்துநாலு போனால் எவ்வளவு, அறுபத்துநாலுக்குப் பதிமூன்று போனால் எவ்வளவு என்று வாயசைத்துக்கொண்டே பெருக்கினார், வகுத்தார். யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, போக்கு 9.3, வரத்து 6.5 என்று எழுதி, இரண்டாவது எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"இந்த ஆறரைக்கு டிப்போவுல உனக்கு மெமோ அடிச்சிருப்பான்" என்றார். "ரெண்டு பாயாசம் வேற."